இராவணன் மீசைப் புல்லை நூதனசாலைக்கு ஆயத்தம் செய்தல்

இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கும் திருகோணமலையில் இராவணன் மீசை இல்லாமல் ஒரு தாவரக் காட்சியா? நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல்மேடுகளில் ஓடிப் படரும் இந்தப் புல்லை (தாவரவியற் பெயர் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ்) பெட்டியில் உயிரோடும் வைக்கலாம், தாளில் உலர்த்தியும் வைக்கலாம்.

மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே இந்தப் புல்தான். ஆகவே உரிய அனுமதி பெற்று, ஓடுகொடியின் (மணலில் படர்ந்து ஓடும் தண்டின்) நுனிப்பக்கத்தில் சில துண்டுகள் மட்டும் வெட்டுங்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே கைவைக்கவே கூடாது. இலைநுனி ஊசிபோல ஏறும், தடித்த கையுறையும் மூடிய சப்பாத்தும் வேண்டும்.

உயிர்ப்பெட்டிக்கு மாரி தொடங்கும் ஒக்டோபர், நவம்பர் நல்ல காலம். 60 x 40 சென்ரிமீற்றர் நீள அகலமும் 20 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள பெட்டியின் அடியில் துளையிட்டு, 3 சென்ரிமீற்றருக்குச் சரளைக்கல், அதன்மேல் கடற்கரை மணல். வேர்விட்ட மூன்று கணுக்கள் உள்ள துண்டாக எடுத்து, இரண்டு கணுக்களைப் புதைத்து, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து விடுங்கள். புதுவேர் பிடிக்கும்வரை நீர் ஆவியாவது குறையும். நல்ல தண்ணீர் போதும். தோட்டமண்ணோ எருவோ கலந்தால், அடியில் தண்ணீர் தேங்கினால், வேர் அழுகும். மண்டபத்துக்குள் நிரந்தரமாக வைத்தால் வெளிச்சம் போதாமல் வெளிறி நீண்டு சாயும். நான்கு பெட்டிகள் வளர்த்து, ஒவ்வொன்றாக ஒரு கிழமை உள்ளே, மற்ற மூன்றும் வெயிலில் என்று மாற்றி மாற்றி வைப்பதே வழி.

உலர்மாதிரியைக் கெடுப்பது பெரும்பாலும் அதில் ஒட்டியிருக்கும் கடலுப்பு. கழுவாமல் அழுத்திய புல் கச்சான் காற்றில் மொறுமொறுவென்று காய்ந்து நன்றாகத்தான் தெரியும். மாரியில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, தாள் வேர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். எனவே நல்ல தண்ணீர் வாளியில் மூன்றுமுறை அலசி, உதறி, நிழலில் மேல்நீர் வற்றவிட்ட பிறகே அழுத்தச் சட்டத்துக்கு (பத்திரிகைத் தாள்களுக்கு இடையே செடியை வைத்து இறுக்கும் சட்டத்துக்கு) கொண்டுபோங்கள்.

ஆண், பெண் செடிகள் வேறுவேறு. இரண்டுக்கும் தனித்தனித் தாள். வேரோடு ஒரு கணு, இலைக்கொத்து, பூ மூன்றும் இருக்கவேண்டும். இலையும் இலையுறையும் சேரும் இடத்து மயிர்விளிம்பு தெரியும்படி ஓர் இலையைச் சற்றே விலக்கி வையுங்கள், இனம் காண அது உதவும். 42 x 28 சென்ரிமீற்றர் தாளுக்கு நீளமான தண்டை இரண்டாக மடியுங்கள். தடித்த கணுவை நீளவாக்கில் பிளக்காவிட்டால் உள்ளே ஈரம் நின்று கறுக்கும். பத்திரிகைத் தாளை முதல் மூன்று நாளும் காலை மாலை மாற்றி, பிறகு நாளுக்கொருமுறை மாற்றுங்கள். காய்ந்ததும் நூலால் தைப்பது பசையைவிட மேல்.

பெண்செடியின் பூ முற்றி வரும் முள்ளுருண்டையை மட்டும் தாளில் அழுத்த முடியாது, தனியாக உலர்த்தவேண்டும். முற்றினால் காம்பு விட்டுக் காற்றில் உருண்டோடும் சாமான் அது. பச்சை மாறத் தொடங்கும்போதே பறித்து, அலசி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு கிழமை எடுக்கும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.

உயிரோடிருந்தபோது இருந்த நீலச்சாம்பல் நிறம் எப்படியும் போய்விடும். ஆகவே நிறம், இடம், திகதி, சேகரித்தவர் பெயர், பக்கத்தில் நின்ற அடம்பன் கொடி போன்றவை எல்லாவற்றையும் பென்சிலால் சுட்டியில் எழுதுங்கள். காட்சிப்பெட்டியில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்றை உள்ளே போட்டு, மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம், பார்க்க வருபவருக்கும் அது கெடுதி. பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் -20 பாகை செல்சியசில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்த உடனே பிரிக்காமல் ஒரு நாள் பொறுங்கள். குளிர்ந்த தாளில் திருகோணமலைக் காற்று பட்ட மறுகணம் முத்துமுத்தாக நீர் பிடிக்கும்.