தாத்தா வீட்டை இடித்தபோது

2022இல் மயிலாப்பூரில் தாத்தாவின் வீட்டை இடித்த இடிபாடுகளை வாசலிலேயே குவித்துவிட்டேன். மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது. மறுநாளே அபராதச் சீட்டு. சாலையிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது என்று அப்போதிருந்த 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் கட்டடக் கழிவு விதிகளிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

பிறகு கொத்தனார் சொன்னபடி வகை பிரித்தோம். சுண்ணாம்புச் சாந்து என்பதால் செங்கலைக் கொத்துக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாலே சாந்து உதிர்ந்தது. சிமென்ட் கலவையாக இருந்திருந்தால் கல்தான் உடைந்திருக்கும். அத்தனை செங்கலும் புதுச் சுற்றுச்சுவருக்கு ஆயிற்று. தேக்கு உத்தரங்களுக்கு, பழைய மரக்கடைக்காரர் ஆணித் துளைகளை எண்ணி எண்ணி விலையைக் குறைத்தார்! பின்கட்டுக் கம்பி காயலான் கடைக்குப் போயிற்று. மிச்சமிருந்த கான்கிரீட்டும் காரையும் தார்ப்பாய் மூடிய லாரியில் பெருங்குடி மறுசுழற்சி ஆலைக்கு. ஆலையின் எடைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் லாரி வாடகையைக் கொடுத்தேன்.