கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள்

ஜப்பானியக் கோட்டை என்றதும் அடுக்கடுக்காய்க் கூரை வைத்த கோபுரம்தான் கண்முன் வரும். டைம்யோ என்ற பிரபு அதில்தான் குடியிருந்தார் என்று நினைத்துப் போவதுதான் முதல் தவறு. ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) அவர் தூங்கியதும் அலுவல் பார்த்ததும் கீழே, ஒரே தளமாகப் பரந்து கிடக்கும் 'கோதென்' மாளிகையில். கோபுரம் பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது.

இப்படிப்பட்ட கோட்டை மாளிகைகளில் எஞ்சியவை நான்குதான்: கியோட்டோவின் நிஜோ, கவாகோயே, ககேகவா, கோச்சி. நிஜோ ஷோகுனுடையது, மற்ற மூன்றும் டைம்யோக்களுடையவை. நகோயா மாளிகை அழகுதான், ஆனால் 1945-இல் எரிந்துபோய் 2018-இல் கட்டி முடிக்கப்பட்டது. பழையது என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

ககேகவாவில் இந்தக் குழப்பம் இன்னும் வேடிக்கை. எல்லோரும் படமெடுக்கும் கோபுரம் 1994-இல் மரத்தால் மறுபடி கட்டியது. கீழே அடக்கமாக நிற்கும் மாளிகைதான் அசல். 1854 நிலநடுக்கத்துக்குப் பின் எழுப்பி 1861-இல் முடித்தது. ஒரே சீட்டில் இரண்டையும் பார்க்கலாம். இருந்தும் கோபுரம் ஏறிவிட்டுப் போய்விடுகிறார்கள்!

உள்ளே போனால் நேரே பெரிய அறைக்கு ஓடாதீர்கள். வாசலைப் பாருங்கள். பிரபுவும் மூத்த அமைச்சர்களும் வர ஒரு வாசல், மற்ற சாமுராய்களுக்கு ஒன்று, காலாட்படையினருக்கு வடபக்கத்து மண்தரை வழி. யாருக்கு என்ன மதிப்பு என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். அப்புறம் உள்ளறைகளைப் பார்த்தால், பிரபு எங்கே உட்கார்ந்தார், மற்றவர்கள் எவ்வளவு தள்ளி இருந்தார்கள் என்பது தானாகப் புரியும்.

செருப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும், அது நமக்குப் பழக்கம்தான். ஆனால் குளிர்காலத்தில் வெறுங்காலோடு போனால் மரத்தரை சில்லென்று ஏறும். தடித்த காலுறை போடுங்கள். கதவின் நிலைக்கட்டையையும் தத்தாமிப் பாயின் துணிக்கரையையும் மிதிக்காதீர்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். காகிதக் கதவு ஒரு திரும்பலில் கிழிந்துவிடும். நிஜோ மாளிகைக்குள் படமெடுக்கவே கூடாது.

ககேகவாவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் போகிறவர்கள் கொடாமா வண்டியில் ஏறவேண்டும். நொசோமி வண்டி அங்கே நிற்காது. டோக்கியோவிலிருந்து ஒரு நாளில் போய்வர கவாகோயேதான் வசதி. அங்கே கோபுரமே கிடையாது. 1848-இல் கட்டிய மாளிகை ஒரு காலத்தில் பள்ளி உடற்பயிற்சிக்கூடமாகவும் இருந்ததால், உட்கூரையில் பந்து பட்ட தடம் இன்னும் தெரியும். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.