ரோட்டரி, லயன்ஸ், ஃபிரீமேசன்: சபைக்குப் போகிறவர் சேருவதற்கு முன் எப்படி விசாரிப்பது?

சேலம் சூரமங்கலத்தில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. சேகோ மில்லுக்குப் புல்லி, ஷாஃப்ட், கியர் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஞாயிறு காலை சி.எஸ்.ஐ. ஆலயம். சில வருஷம் சபையை நிர்வாகம் செய்கிற பாஸ்டரேட் கமிட்டியிலும் இருந்தேன். அப்போதுதான் எங்கள் சபையில் ஒரு அண்ணன் ரோட்டரியில் சேர்ந்தார். சட்டையில் சக்கரப் பின் குத்திக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். "அது மேசன்காரன் சங்கம், அந்தச் சக்கரம் சாத்தானுடைய முத்திரை" என்று இரண்டே வாரத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வேதபாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், வாயே திறக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டவர்களும் யாருமில்லை. கொஞ்ச நாளில் அவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

சில வருஷம் கழித்து ஒரு கஸ்டமர் என்னையே ரோட்டரிக்குக் கூப்பிட்டார். அன்றைக்குச் செய்யாத விசாரணையை எனக்கென்று வந்தபோதுதான் செய்தேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீங்களாவது முதலிலேயே செய்ய வேண்டும் என்பதற்காக, விசாரித்த முறையை எழுதுகிறேன்.

முதலில், உங்களைக் கூப்பிடுவது எந்த வகைச் சங்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சபைகளில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். ஃபிரீமேசன் என்பது சடங்கும் சத்தியப் பிரமாணமும் படிப்படியான அந்தஸ்தும் உள்ள சகோதர சங்கம். ரோட்டரி, லயன்ஸ் போன்றவை சேவைச் சங்கங்கள். இரண்டுக்கும் ஒரே கேள்வியைப் போட்டால் தவறான பதில்தான் வரும்.

சின்னத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ரோட்டரி பின்னை ஒரு நாள் பட்டறையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 24 பல், 6 ஆரக்கால், நடுத்துளையில் ஒரு கீவே, அதாவது ஷாஃப்டோடு சேர்த்துப் பூட்டுவதற்கான காடி. கீவே வெட்டாத கியரை ஷாஃப்டில் மாட்டினால் ஷாஃப்ட் மட்டும்தான் சுற்றும், கியர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆரம்பத்தில் அவர்கள் சின்னத்திலும் கீவே இல்லை. இது சும்மா நிற்கிற சக்கரம் என்று எஞ்சினியர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் 1920களில் சேர்த்தார்கள். எனக்கு அதில் தெரிவது என் பட்டறை வேலைதான். மேசன்களுடைய சின்னமான மூலைமட்டமும் கவராயமும்கூட என் மேஜைமேல் கிடக்கிற சாமான்கள்தான். ஆகவே சின்னம் ஒன்றையும் சொல்லாது. உள்ளே என்ன சொல்லிச் சத்தியம் வாங்குகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை ஃபிரீமேசனிடம் கேட்டால் என்ன வரும்? அவர்கள் தங்கள் கிளைச் சங்கத்தை லாட்ஜ் என்பார்கள். 1717-இல் லண்டனில் அவர்களுடைய தலைமை லாட்ஜ் உருவானது. இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜ் 1961-இல் வந்தது. புதிதாகச் சேருகிறவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி உள்ளே அழைத்துப் போகிறார்கள். இரகசியங்களை வெளியே சொல்லமாட்டேன் என்று வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் கழுத்து அறுபடும் என்கிற மாதிரி வாசகங்களும் அதில் இருந்தன. இங்கிலாந்துத் தலைமை லாட்ஜ் 1986-இல்தான் அவற்றைப் பிரமாணத்திலிருந்து நீக்கத் தீர்மானித்தது. கடவுளுக்கு அவர்கள் வைத்த பெயர் "பிரபஞ்சத்தின் பெருஞ்சிற்பி". எந்த மதத்தாரும் தம் கடவுளை அதில் பொருத்திக்கொள்ளலாம். நம் நாட்டு லாட்ஜ்களில் பைபிளுக்குப் பக்கத்தில் மற்ற மத வேதங்களும் திறந்து வைக்கப்படும். மூன்றாம் படியில் ஈராமின் கொலைக் கதையை நடித்துக் காட்டுகிறார்கள். 1 இராஜாக்கள் 7-ஐத் திறந்து பாருங்கள். நப்தலி கோத்திரத்துக் கைம்பெண்ணின் மகன் ஈராம் வெண்கல வேலை செய்தான், வேலையை முடித்தான். அவன் கொலையானதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

நல்ல காரியமும் நிறையச் செய்கிறார்கள், "இது மதமல்ல" என்றும் சொல்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் நான் போகமாட்டேன். என்னவென்று தெரியுமுன்னே சத்தியம் செய்யச் சொல்வதுதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிற முள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொன்னவர் நம் ஆண்டவர். அந்தரங்கத்திலே ஒன்றும் பேசவில்லை என்று பிரதான ஆசாரியன் முன்னால் நின்று சொன்னவரும் அவரே. அவருடைய பெயரை வெளியே விட்டுவிட்டு ஜெபம் செய்கிற ஓர் அறைக்குள் நான் என்ன முகத்தோடு போவது?

நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால் இதில் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. 1738-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமென்ட் தடை போட்டார். 1884-இல் பதின்மூன்றாம் லியோ நீண்ட சுற்றுமடலே எழுதினார். 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் மேசன் என்ற பெயர் இல்லை என்பதை வைத்துச் சிலர் தடை நீங்கிவிட்டதாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அதே வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி, அப்போது கர்தினாலாக இருந்து பின்னால் போப்பாண்டவரான ராட்சிங்கர் கையெழுத்தோடு அறிக்கை வந்தது: தடை அப்படியே இருக்கிறது, சேருகிறவர் நற்கருணை வாங்கக் கூடாது. 2023 நவம்பரிலும் வத்திக்கான் அதையே திரும்பச் சொன்னது.

நம் புராட்டஸ்டன்ட் பக்கம் அப்படி ஒரே குரல் இல்லை. 1953-இல் இங்கிலாந்து ராணிக்கு முடிசூட்டிய பேராயர் ஃபிஷரே ஒரு மேசன்தான். அதே இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றத்தில் 1987-இல் வந்த அறிக்கை, கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் மேசன் சடங்குகளுக்கும் பொருந்துமா என்று கடுமையாகக் கேட்டது. பிரிட்டன் மெதடிஸ்ட்டுகள் 1985-இல் சேர வேண்டாம் என்று தங்கள் ஜனங்களுக்குப் புத்தி சொன்னார்கள். அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட்டுகள் 1993-இல் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார்கள். ஏற்கனவே லாட்ஜில் இருந்துகொண்டு மனம் உறுத்துகிறவர்கள் செக்ரட்டரிக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் கொடுத்து வெளியே வரலாம். பயந்து கிடக்கத் தேவையில்லை.

சரி, சேவைச் சங்கங்களுக்கு வருவோம். இவற்றின்மேல் சந்தேகம் சும்மா முளைக்கவில்லை. 1929-இலும் 1951-இலும் குருக்கள் ரோட்டரியில் சேரக் கூடாது என்று ரோமாபுரியிலிருந்தே உத்தரவு வந்தது. மேசன் செல்வாக்கு இருக்குமோ என்ற பயம்தான் காரணம். ஆகவே ஒரு வயதான கத்தோலிக்கர் "எங்கள் சாமியார் வேண்டாம் என்றார்" என்று சொன்னால் அவர் கதை கட்டவில்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. 1979 ஜூனில் ரோமில் நடந்த ரோட்டரி மாநாட்டில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் நேரில் பேசினார். லயன்ஸைத் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் மேசனாக இருந்தது உண்மைதான். அதற்காக லயன்ஸ் லாட்ஜ் ஆகிவிடாது. "கெர்ச்சிக்கிற சிங்கம்" என்று பேதுரு நிருபத்தைக் காட்டுகிறவர்களிடம், வெளிப்படுத்தலில் வரும் யூதா கோத்திரத்துச் சிங்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். டெயில் ட்விஸ்டர் என்ற பதவிப் பெயரைக் கேட்டு மிரளவும் வேண்டாம். கூட்டம் கலகலப்பாக இருக்கட்டும் என்று சின்னச் சின்ன அபராதம் வசூலிக்கிறவருக்குத்தான் அந்தப் பெயர்.

சேருவதற்கு முன் மூன்று காகிதம் கேட்டு வாங்குங்கள்: விண்ணப்பப் படிவம், விதிமுறைகள், கூட்டத்தில் வாசிக்கிற ஜெபமும் உறுதிமொழியும். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். எனக்கு மறுநாளே கொடுத்தார்கள். அதில் நான்கு கேள்விகள் இருந்தன. உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணம் வளருமா, எல்லோருக்கும் பயன்படுமா? 1932-இல் சிகாகோவில் முழுகிக்கொண்டிருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்த ஹெர்பர்ட் டெய்லர் எழுதியவை. அவர் ஒரு மெதடிஸ்ட் விசுவாசி. காகிதத்தை என் மனைவியும் ஆயரும் படித்தார்கள். இரகசியப் பிரமாணம் எதுவும் இல்லை.

அப்புறம், கெஸ்டாக மூன்று கூட்டமாவது போய் உட்காருங்கள். ஒரு தடவையாவது மனைவியோடு, அல்லது கணவரோடு போங்கள். கூட்டம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். "ஃபெல்லோஷிப்" என்றால் நமக்கு ஐக்கிய ஜெபம். சில கிளப்களில் அந்தச் சொல்லுக்குப் பாட்டில் என்று அர்த்தம். சாத்தானைச் சக்கரத்தில் தேடுகிற நாம் அவன் உட்கார்ந்திருக்கிற மேஜையைக் கவனிப்பதில்லை. சந்தா எவ்வளவு, கிளப்களுக்கு மேலே இருக்கிற "மாவட்டம்" என்ற அமைப்புக்கு எவ்வளவு, பிளேசர், சாப்பாடு, பதவியேற்பு விழா எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையைத் தசமபாகத்திலிருந்து எடுக்க வேண்டி வந்தால் சேராதீர்கள். வியாபாரம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் சேருவதானாலும் வேண்டாம். அந்த ஆசை உங்களை எல்லாவற்றுக்கும் தலையாட்ட வைக்கும்.

குத்துவிளக்கு விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். விளக்கு ஏற்றுவதில் எனக்குத் தடை இல்லை. நம் ஆலயங்கள் பலவற்றிலேயே குத்துவிளக்கு நிற்கிறது. படத்துக்கு முன்னால் ஆரத்தி எடுப்பது, பூஜை செய்வது என்றால் செய்யமாட்டேன். இதை மேடையில் வைத்து மறுக்காதீர்கள், அது அவர்களுக்கு அவமானம். ஒரு வாரம் முன்பே தலைவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்: "தலைவரே, விளக்கு ஏற்றுகிறேன், பூஜைக்கு மட்டும் வேறு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மரியாதையாக நிற்கிறேன்." நான் இப்படித்தான் சொன்னேன். "அவ்வளவுதானே அண்ணே" என்று விட்டுவிட்டார். உங்கள் மனச்சாட்சி விளக்கையே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் இப்படியே சொல்லலாம்.

வேலையையும் நேரில் பாருங்கள். நான் போனது ஏற்காடு பக்கம் நாகலூரில் நடந்த ஒரு கண் சிகிச்சை முகாம். புரை விழுந்த ஒரு பாட்டியை ஜீப்பில் சேலத்துக்கு இறக்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் என் தோளைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்தபோது எதிரில் நான் நின்றிருந்தேன். என் சட்டைப் பையில் எப்போதும் ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருக்கும். பாட்டி கையை நீட்டி அதன் நுனியைத் தொட்டு, "இது என்ன சாமி, மின்னுது?" என்றார். நான் சேர முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

கிளப்பே வேண்டாம், சேவை மட்டும் போதும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கத்தோலிக்கருக்கு வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற மாணவர் தொடங்கியது, இன்றைக்கும் வீடு வீடாகப் போய் உதவுகிறது. ஒய்.எம்.சி.ஏ.வோடு சேர்ந்தது ஒய்ஸ் மென் சங்கம், 1922-இலிருந்து நடக்கிறது.

இனி, உங்கள் சபையில் வேறு ஒருவர் சேர்ந்திருந்தால் என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்பாதீர்கள். அவர் வீட்டுக்குப் போங்கள். மத்தேயு 18 சொல்கிறபடி தனியாக உட்கார்ந்து, "அண்ணே, அங்கே என்ன சத்தியம் வாங்குகிறார்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டினால் வாசியுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது பொய்ச்சாட்சி, அது பத்துக் கட்டளைக்குள் வருகிற பாவம். அந்த அண்ணன் வீட்டுக்கு நான் ஏழு வருஷம் தாமதமாகத்தான் போனேன். அம்மாப்பேட்டையில் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். "அன்றைக்கு நீ ஒருத்தன் கேட்டிருந்தால் போதும் தம்பி" என்றார். இப்போது வேறு சபைக்குப் போகிறார். எங்கள் சபைக்குத் திரும்பவில்லை.

கூப்பிட்டவரிடம் வேண்டாம் என்று சொல்வதானால் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "நீங்கள் கூப்பிட்டதற்கு நன்றி சார். விசாரித்தேன், என் விசுவாசத்துக்கு இது ஒத்துவராது. முகாம் நடந்தால் சொல்லுங்கள், ஆளாக வந்து நிற்கிறேன்." சேர்ந்தால் லெந்து காலத்து வெள்ளி மாலைகளுக்கு முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவனுக்கு இப்போது லயன்ஸிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. படிவத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு நானும் அவனோடு கெஸ்டாகப் போகிறேன்.