ஸ்கூபா சாமானோடு விமானம் ஏறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும், புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அந்தமானுக்கு டிக்கெட் போடத் தொடங்கிவிடுவார்கள். நள்ளிரவில் கிளம்பி மரக்காணம் வழியாக இசிஆரில் சென்னை, விடியற்காலை போர்ட் பிளேர் விமானம், அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. தண்ணீருக்குள் அவ்வளவு நிதானமாக இருப்பவர்கள், பாதுகாப்புச் சோதனையில் மட்டும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் காலத்து டைவர்கள் பலர் மாட்டிய அதே இடம்தான்.

லைட்டர், கத்தரிக்கோல் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. டைவிங் சாமானுக்கே உரிய சிக்கல்கள் மட்டும்.

டார்ச்சுக்குள் பேட்டரியோடு பெட்டியைப் பூட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

டைவ் டார்ச்சும் வீட்டு டார்ச்சும் ஒன்றல்ல. ஆயிரக்கணக்கான லூமென் வெளிச்சம் தரும் எல்இடி கக்குகிற சூட்டைச் சுற்றியிருக்கும் கடல்நீர் வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் அதைச் செய்கிறார்கள். வெளிக்காற்றில் சில நிமிடம் எரிந்தாலே சக்திவாய்ந்த டார்ச்சுகளைக் கையில் பிடிக்க முடியாது. அதை நம் பிள்ளைகள் எங்கே வைக்கிறார்கள்? அடிபடக் கூடாதென்று, டைவிங்குக்குப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டுக்குள் சுருட்டி வைக்கிறார்கள். வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பர் முழுக்க நுண்ணிய வாயுக் குமிழ்கள். சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலையே. எரிகிற விளக்குக்குக் கம்பளி போர்த்தியது போலத்தான்.

ஒருமுறை சென்னை விமான நிலையத்தில் கார் டிக்கியைத் திறந்ததும் ரப்பர் கருகும் வாடை அடித்தது. எங்களோடு வந்த ஒரு தங்கையின் பைக்குள் டார்ச்சின் பட்டன், வழியில் ஏதோ ஒரு வேகத்தடையில் அமுங்கியிருக்கிறது. வெட்சூட்டின் கைப்பகுதி கருகியிருந்தது. "லாக் போட்டுத்தான் வச்சேன் அண்ணா" என்று அழுதாள். அவள் போட்டிருப்பாள். பட்டனை மூன்று நொடி அழுத்தினால் விழும் லாக், இன்னொரு மூன்று நொடி அழுத்தத்தில் திறந்துகொள்ளும். தரையில் நடந்ததால் பையை வெளியே இழுத்துப் போட்டு ஆறவைத்தோம். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் அந்தப் பை விமானத்தின் சரக்கறையில் இருந்திருக்கும்.

அங்கே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது உலகம் பார்த்த விஷயம். 2010 செப்டம்பர் 3 அன்று, லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து யுபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் துபாயில் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். சரக்கறையில் உள்ள ஹாலான் வாயு சுவாலையை அமுக்கும். ஆனால் லித்தியம் செல்லுக்குள் சூடு தானாகவே ஏறத் தொடங்கிவிட்டால் அதை ஹாலானால் நிறுத்த முடியாது. அதனால்தான் உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது என்கிறது சர்வதேச விதி. நீருக்கடி விளக்கு போல அதிகச் சூடு உண்டாக்கும் சாதனம் என்றால், பேட்டரியையோ சூடாகும் பகுதியையோ கழற்றித் தனியாக வைக்க வேண்டும்.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். முத்தியால்பேட்டைத் தம்பி ஒருவன் இரண்டு டார்ச்சுகளைப் பேட்டரியோடும், உதிரி செல்களைக் காலுறைக்குள் முடிந்தும் பெட்டியில் போட்டிருந்தான். கவுண்டரில் "பவர் பேங்க், பேட்டரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது "இல்லைங்க, டைவிங் சாமான் மட்டும்தான்" என்றிருக்கிறான். பொய் சொல்லவில்லை. அவன் மனசில் அது டார்ச், பேட்டரி அல்ல. போர்டிங் தொடங்கும் நேரத்தில் பெயர் சொல்லி அழைத்தார்கள். கீழே கூட்டிப்போய், பெட்டியைத் திறக்கவைத்து, செல்களை எடுத்து, எழுதி வாங்கி முடிப்பதற்குள் சரக்கறையை மூடிவிட்டார்கள். ஆள் பறந்தான், பெட்டி பறக்கவில்லை. மறுநாள்தான் போர்ட் பிளேருக்கு வந்தது. அதற்காக அவன் அங்கேயே தங்க, கப்பல் டிக்கெட்டும் ஹேவ்லாக்கில் முன்பணம் கட்டிய முதல்நாள் டைவும் போயின.

ஏன் திரும்பத் திரும்ப இது நடக்கிறது என்று யோசித்தேன். காரணம் எங்கள் டைவிங் வகுப்பில்தான் இருக்கிறது. டார்ச் மூடியில் தண்ணீர் புகாமல் அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். "ஓ-ரிங்கைத் தேவையில்லாமல் திறக்காதே, ஒரு முடி விழுந்தாலும் தண்ணீர் ஏறிவிடும்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறோம். அந்தப் பயத்தில் டார்ச்சைத் திறக்காமலே ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிறார்கள். விமானம் ஏறுவது தேவைதான், திறங்கள். வீட்டில் துடைத்த மேசையில் வைத்துத் திறந்து, செல்லை எடுத்துவிட்டு, தூசி புகாமல் மூடியைத் திரும்பத் திருகிவிடுங்கள். போன இடத்தில் ஓ-ரிங்கைத் துடைத்து, கிரீஸ் தடவி, செல்லைப் போட்டுக்கொள்ளலாம். டார்ச்சையும் கைப்பையிலேயே வையுங்கள். ஸ்கேனரில் கனத்த உலோகக் குழாய் தெரிந்தால் கேட்கத்தான் செய்வார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்பதால் அங்கேயே திறந்து காட்டி முடித்துவிடலாம்.

செல்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாவிக்கொத்தோ சில்லறையோ இரண்டு முனைகளையும் தொட்டால் போதும், சூடேறிவிடும். ஒவ்வொன்றின் மின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டே இரண்டு உதிரி. அதற்கு மேல் கிடையாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வந்துவிடும்: 3.6 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி செல் என்றால் 18 வாட்-மணி. சாதாரண டார்ச்சுக்குக் கவலையே இல்லை, பெரிய வீடியோ விளக்கு வைத்திருப்பவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 18650 என்ற அளவுச் செல்லில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். அந்த அளவில் சுமார் 3500-க்கு மேல் கொள்ளவே கொள்ளாது. பொய் லேபிள் ஒட்டிய செல்லை விமானத்துக்கும் கொண்டுபோகாதீர்கள், கடலுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

கத்தி

செக்-இன் பெட்டியில், உறையோடு. சிக்கும் மீன்பிடி நூலை அறுக்கும் லைன் கட்டரும் அப்படியே.

ஈயக்கட்டி (தண்ணீருக்குள் அமிழ இடுப்பில் கட்டும் எடை)

வேண்டாம். போகிற இடத்தில் தருவார்கள்.

சிலிண்டர்

காற்று நிரப்பியதை ஏற்றவே மாட்டார்கள். காலியாக இருந்தாலும் வால்வைக் கழற்றி உள்ளே பார்க்கக் கொடுக்க வேண்டிவரும், அந்த வால்வைத் திரும்ப மாட்டுவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வாடகைக்கு எடுங்கள்.

ரெகுலேட்டரைப் பெட்டியில் போடுவது

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி இது, உங்கள் மூச்சு அதில்தான். மாஸ்க், டைவ் கம்ப்யூட்டரோடு அதுவும் கைப்பையில் வரட்டும். சிலிண்டரில் மாட்டும் முனையான முதல் ஸ்டேஜின் தூசி மூடியைக் காயவைத்து இறுக்கிவிடுங்கள். குழாய்களைப் பார்த்து என்னவென்று கேட்டால், "கடலுக்கடியில் மூச்சுவிட, சிலிண்டர் இல்லை" என்று சொன்னால் போதும். "ஆக்சிஜன் கருவி" என்று சொல்லிவிட்டால் ஆக்சிஜன் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். டைவிங் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் வெறும் காற்றுதான்.

புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இருந்தே பறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய சேவை ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில். இருக்கைக்கு மேலுள்ள அறை சிறியது. கைப்பை பெரிதாக இருந்தால் படிக்கட்டருகே வாங்கிக் கீழே போடக்கூடும். கொடுப்பதற்கு முன் பேட்டரி டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இதுதான் மறக்கும்.

கேமரா ஹவுசிங்கை (தண்ணீர் புகாத கூட்டை) இறுக மூடி அனுப்புவது

மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், ஹவுசிங்குக்குள் குறையாது. சீலுக்கும் கண்ணாடிக்கும் அது பாரம். முக்கிய ஓ-ரிங்கை எடுத்துவிட்டு மூடுங்கள், அல்லது வால்வு இருந்தால் திறந்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது

ஈர வெட்சூட்டைச் சுருட்டிப் போட்டால் 15 கிலோ வரம்பு தாண்டிவிடும். கடைசி டைவை முதல்நாளே முடித்துவிட்டால் துணி காயவும் நேரம் கிடைக்கும், உடம்புக்கும் நல்லது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டி.

போகும்போது செல்லைக் கழற்றிய அதே பிள்ளைகள், இரவு டைவுக்குச் சார்ஜ் ஏற்றிப் போட்ட டார்ச்சை அப்படியே பெட்டியில் எறிந்துவிட்டு வருவதையும் பார்க்கிறேன். ஹோட்டல் அறையைக் காலி செய்வதற்கு முன், பெட்டியை மூடும் முன், டார்ச்சைக் கையில் எடுத்துத் திருகிப் பாருங்கள்.