பழைய கொப்பித் தாள்ல வீட்டுச் சமையல் புத்தகம் கட்டுவம்

முதல்ல ஒண்டு சொல்லிடுறன், ஸ்டேப்ளர் அடிக்காதீங்க. நான் முதல் செய்ததுக்கு அதைத்தான் அடிச்சன், திருகோணமலைக் கடல் காத்தும் மாரி ஈரமும் சேர்ந்து ஒரு வருசத்துக்குள்ளயே கம்பி துருப்பிடிச்சு, அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதின கணவாய்க் கறிப் பக்கத்தில கறை ஊறி ரெண்டு வரி வாசிக்க ஏலாமப் போச்சு. அம்மம்மாவும் இப்ப இல்ல, அந்த ரெண்டு வரியை இனி ஆரிட்டக் கேக்கிறது. அதால நூலால தைக்கிறதுதான் சரி.

தாளுக்கு பிள்ளையள் எழுதி மிச்சம் விட்ட கொப்பியே போதும். பாதி கூட எழுதாத கொப்பியெண்டா நடுவில இருக்கிற தாள் ரெண்டு பக்கமும் வெறுமையா, ஒட்டினபடியே வரும், அதைக் கம்பி கழட்டி எடுங்க. ஒத்தைத் தாளா வந்தா ரெண்டை ஒரு விரல் அகலக் கடதாசிப் பட்டியால ஒட்டி சோடியாக்கலாம். பத்துத் தாளை மடிச்சா 40 பக்கம் வரும், அதுக்கு மேல போனா மடிப்பு தடிச்சு விரியாது, அடுப்படியில புத்தகம் விரிஞ்சு கிடக்க வேணும் கையெல்லாம் மாவா இருக்கேக்க ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது.

மட்டைக்கு பிஸ்கட் பெட்டி இல்லாட்டி சேட்டுக்குள்ள வாற அட்டை. உள்ளுக்கு நெளி நெளியா இருக்கிற பெட்டி வேண்டாம், அந்த ஓட்டையளுக்குள்ள கரப்பான் குடியேறிடும். மேல பழைய கலண்டர் தாளின்ட மினுங்கல் பக்கம் வெளியில வாற மாதிரி ஒட்டினா எண்ணெய்க் கை பட்டாலும் துடைக்கலாம். பசை கோதுமை மாவில காய்ச்சுங்க, மெல்லிசாப் பூசி, மேல பாரம் வச்சு ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. முந்தி பூச்சி வராம பசையில மயில்துத்தம் போடுறவங்க, அது நஞ்சு, சமையல் புத்தகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

தைக்கிறது லேசு. மட்டையையும் தாளையும் சேர்த்து மடிப்பில நடுவில ஒண்டு, மேல ஒண்டு, கீழ ஒண்டா மூண்டு ஓட்டை. தையல் நூலை ரெண்டாக்கி மெழுகுதிரியில இழுத்து எடுங்க. உள்ளுக்கிருந்து நடு ஓட்டையால வெளிய வந்து, மேல் ஓட்டையால உள்ள போய், நடுவைத் தாண்டி கீழ் ஓட்டையால வெளிய வந்து, திரும்ப நடுவால உள்ள. இப்ப ரெண்டு நுனியும் நடுவில ஓடுற நீள நூலுக்கு ரெண்டு பக்கமும் நிக்கவேணும், அதுக்கு மேலால இறுக்கி முடிச்சுப் போடுங்க.

போல்பொயின்ட் பேனையால எழுதுங்க, சில ஜெல் பேனையின்ட மை தண்ணி பட்டாக் கலைஞ்சிடும்.

எழுதேக்க அம்மாக்குப் பக்கத்தில நிண்டு எழுதுங்க. "உப்பு கொஞ்சம்" எண்டு சொல்லுவா, அவ அள்ளினதை ஒரு கரண்டியில கொட்டச் சொல்லி அளந்து பாருங்க. சுண்டால அளக்கிறவவெண்டா அந்தச் சுண்டுக்கு எத்தனை கிராம் அரிசி பிடிக்குதெண்டு ஒருக்கா நிறுத்து முதல் பக்கத்திலயே போட்டிடுங்க. மீன் சொதிக்கு ரெண்டாம் பால்ல மீன் அவிஞ்சாப் பிறகுதான் முதல் பால், அடுப்பை நூத்த பிறகுதான் தேசிக்காய்ப் புளி, இல்லாட்டி பால் திரைஞ்சிடும் எண்டு அவ வாயால வாற மாதிரியே எழுதுங்க.

எதிர்ப்பக்கத்தை வெறுமையா விடுங்க. அடுத்த முறை சமைக்கேக்க அம்மா வேற மாதிரிச் சொல்லுவா, அதையும் திகதி போட்டு அதில எழுதலாம்.