சிறு சித்த வைத்திய நிலையம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தலைமுறைக்கு முன்பு, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக் கிராமமொன்றில் இருந்த பரிகாரியார் என்ற ஊர் வைத்தியருக்குப் பெயர்ப்பலகையோ பதிவேடோ தேவைப்படவில்லை. வருத்தம் என்று வந்தவரின் தாய் தகப்பனை அவருக்குத் தெரியும். யாருக்கு எந்தக் குடிநீர்க் கஷாயம் ஒத்துக்கொள்ளாது, யார் பத்தியம் காக்கமாட்டார் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தது. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், முன்பு ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்த, மேற்குக் கரையான படுவான்கரை மக்கள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டு உடனே திரும்புகிறார்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களுடைய குடும்ப வரலாறு எதுவும் நமக்குத் தெரியாது. இருந்தும் நம்மில் பலர், அந்தப் பழைய பரிகாரியாரைப் போலவே நினைவை மட்டும் நம்பி வைத்தியம் பார்க்கிறோம். நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

அவற்றுள் முதலாவது, வருபவர் ஏற்கனவே உட்கொள்ளும் ஆங்கில மருந்துகளைக் கேட்டு எழுதி வைக்காதது. இது எனக்கே நேர்ந்தது. அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் நீரிழிவுக்கு மருந்து கேட்டு வந்தார். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், சிறுகுறிஞ்சாச் சூரணம் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. மகன் சீனித் தண்ணீர் பருக்கியதால் தெளிந்தார். அன்று காலை மகன் கொண்டுவந்த பொலித்தீன் பையில் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி இருந்தது; அதில் நீரிழிவு மாத்திரைகளான மெட்போமினும் கிளிக்ளசைட்டும் எழுதப்பட்டிருந்தன. முதல் நாளும் அந்தப் பை அவர் மடியில்தான் இருந்தது. கொப்பியைக் காட்டுங்கள் அம்மா என்று நான் கேட்கவில்லை. குறிஞ்சா இலை நாம் சுண்டிச் சோற்றோடு உண்ணும் கீரைதானே என்ற எண்ணமும் என்னை அசட்டையாக இருக்கச் செய்தது. ஆனால் சீனியைக் குறைக்கும் மாத்திரையோடு அதைச் சூரணமாகத் தொடர்ந்து கொடுப்பது வேறு விடயம். அதிமதுரமும் இப்படித்தான். இருமலுக்கு அருமையான மருந்தாகிய அது, நாட்கணக்கில் கூடிய அளவில் உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். அதற்குப் பின் எவர் வந்தாலும் கிளினிக் கொப்பியைப் பார்த்து, உட்கொள்ளும் மருந்துகளை நமது பதிவேட்டில் எழுதிய பின்பே நாடியில் கை வைக்கிறேன். பெயர், வயது, ஊர், ஒவ்வாமை, கொடுத்த மருந்து, அளவு, அனுபானம் (மருந்தைக் கலந்து உட்கொள்ளும் தேன், பால் போன்றது), மீண்டும் வரவேண்டிய திகதி ஆகியவை ஒருவருக்கு ஒரு பக்கத்தில் அடங்கும். எண்பது பக்கக் கொப்பி ஒன்றே தொடங்கப் போதும். கணினி பிறகு வரலாம்.

மருந்துச் சரக்கை மாரிக்கு முன் ஆயத்தப்படுத்தாதது அடுத்த பெருந்தவறு. நமது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவமழை பெய்கிறது. அந்த நாட்களில் உப்புப் போத்தலே கசிகிறது என்றால், சாக்கில் கட்டி மூலையில் வைத்த வேரும் பட்டையும் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மேலே கிடக்கும் நன்னாரி வேர் நன்றாகவே தோன்றும். கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுத்து முறித்தால், சடக்கென்று முறியாமல் வளையும். முறிந்த இடத்தில் நன்னாரியின் வாசனைக்குப் பதிலாக ஈரமண் மணக்கும். சில வேளைகளில் நூல் போன்ற வெள்ளைப் பூஞ்சணமும் தெரியும். அதைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணக்கூடாது. பூஞ்சணம் விட்டுச் செல்லும் நஞ்சு வெயிலிலோ கொதியிலோ முழுமையாக அழிவதில்லை. புரட்டாதி வெயில் இருக்கும்போதே சரக்கைக் காயவைத்து, இறுக மூடும் கொள்கலனில் இட்டு, வாங்கிய திகதியை ஒட்டிவிட வேண்டும். மாரியில் இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது, விலை சற்றுக் கூடினாலும். சரக்கை அடையாளம் காணாமல் வியாபாரி சொன்ன பெயரை நம்பி வாங்குவதும் இதனோடு சேர்ந்த தவறு. ஈசுரமூலி வேரில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது என்று உறுதியாகியிருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கத்தில் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் ஏற்கனவே பலரை வாட்டுகின்ற நிலையில், இத்தகைய வேர் எந்தக் கலவையிலும் தவறிக்கூடச் சேரக்கூடாது.

பணத்தைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூசுகிறார்கள். விரும்பியதைத் தாருங்கள் என்று சொல்வதில் பெருந்தன்மை இருக்கிறது, ஆனால் வசதியில்லாதவர் எவ்வளவு கொடுப்பதென்று தெரியாமல் சங்கடப்பட்டு அடுத்த முறை வராமலே இருந்துவிடுகிறார். பார்வைக் கட்டணத்தையும் மருந்து விலையையும் தனித்தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதிய பிறகு இல்லாதவரிடம் வாங்காமல் விடுவது உங்கள் விருப்பம். தைலத்தின் விலையை எண்ணெயின் விலையை வைத்து மட்டும் கணிப்பவர்களும் உண்டு. காய்ச்சும்போது வற்றுவதும், கல்கம் என்னும் அரைத்த மருந்து விழுதிலும் வடிதுணியிலும் தங்குவதும், விறகும், போத்தலும், ஒரு நாள் முழுவதும் அடுப்படியில் நின்றவரின் கூலியும் அந்த விலைக்குள் வரவேண்டும். வெள்ளாமையை நம்பி வாழும் ஊர்களில் பெரும்போக அறுவடை முடியும் மாசி பங்குனியில் கடன்கள் திரும்பிவரும், அதற்கு முந்திய மாதங்களில் கல்லா வெறுமையாக இருக்கும். அறுவடைக் காலத்து வரவைக் கண்டு நிலையத்துக்குக் கதிரை, அலுமாரி என்று வாங்கிவிட்டு, மாரியில் மருந்து வாங்கக் கையில் காசின்றித் தவிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

எல்லை தெரியாமல் பார்ப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட தவறு. மட்டக்களப்பில் விசக்கடி வைத்தியத்துக்கு நீண்ட மரபு உண்டு, நான் அதை மதிக்கிறேன். ஆனாலும் கண்ணாடி விரியன் தீண்டியவரின் உடலில் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும்போது அதை எதிர்ப்பது நஞ்செதிர்ப்பு ஊசி. அது வைத்தியசாலையில்தான் இருக்கிறது. வயலிலிருந்து தூக்கிவரப்படுபவரை உடனே அதே ஓட்டோவில் அங்கு அனுப்புவதே வைத்தியம். முறிவு நெரிவுக்குக் கட்டுப் போடுவோரும், கட்டிய பின் விரல் நுனி குளிர்ந்து நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்கு அனுப்பத் தயங்கக்கூடாது. அனுப்பும்போது, என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று நாலு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அந்தத் துண்டுக் கடிதத்தைப் பார்த்த வைத்தியர்கள் பிற்பாடு நம்மை மதித்து நடத்துவதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆயுர்வேத மருத்துவச் சபையிலேயே சித்த வைத்தியர்களும் பதிவு பெறவேண்டும். பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியர்களுக்கும் அங்கு வழியுண்டு. தகப்பன் பதிவு பெற்றிருந்தார் என்பதற்காக மகனுக்குப் பதிவு வந்துவிடாது. தன்னிடம் வருபவருக்குத் தைலம் காய்ச்சிக் கொடுப்பது வேறு, அதையே பொதியிட்டுக் கடைகளுக்கு அனுப்புவது வேறு என்பதையும் மறக்கக்கூடாது.

நிலையம் வளரத் தொடங்கியதும் வரும் தவறுகள் தனி வகை. குணமடைந்தவரின் புண்ணைப் படம் பிடித்து முகநூலில் இடுகிறார்கள். சிறிய ஊரில் முகத்தை மறைத்தாலும் கைவளையலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த பெண் தன் வருத்தத்தை உங்களிடம் சொல்லமாட்டார். வாட்ஸ்அப் வழியாக வரும் வெளிநாட்டு அழைப்புகளும் உண்டு. கட்டாரிலோ சவுதியிலோ வேலை பார்க்கும் தம்பிமார், ‘அண்ணன், இடுப்பு வலிக்கு அந்தப் பழைய மருந்தையே வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று குரல்பதிவு அனுப்புகிறார்கள். ஊரை விட்டுப் போய் இரண்டு வருடமான உடம்பு இப்போது எப்படி இருக்கிறதென்று குரலில் தெரியாது. அவர்களிடம், அங்கேயே இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்து அறிக்கையை அனுப்புங்கள், லீவில் வரும்போது முதல் கிழமையிலேயே வந்துவிடுங்கள் என்று சொல்லி, அந்தப் பேச்சையும் திகதியோடு அவர்களுடைய பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.