ஒற்றை அடுக்குக் கலவைகளை இழுத்துப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்சி. கடைசி ஆண்டு படிக்கும் இரண்டு பேர் போன வாரம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார்கள். மாலிப்டினம் டைசல்பைடில் பாதி மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன் வைத்து, அந்த ஒற்றை அடுக்கை இழுத்தால் எவ்வளவு விறைப்பு (யங் குணகம்) காட்டும் என்று, குவாண்டம் இயற்பியலை வைத்துக் கணினியில் போடும் டி.எஃப்.டி. கணக்கு போட்டிருந்தார்கள். "அக்கா, யங் குணகம் 65 கிகாபாஸ்கல் வருது" என்றாள் ஒருத்தி. எனக்குத் திக்கென்றது. ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் நான் செய்த அதே தவறு.

கணக்கின் துல்லியத்தைத் தீர்மானிக்கும் அமைப்புகளில் கட்-ஆஃப் போதவில்லை, கே-புள்ளிகள் குறைவு என்பதையெல்லாம் உங்கள் வழிகாட்டியே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெற்றிடத்தையும் சேர்த்து வகுப்பது

ஒற்றை அடுக்கைக் கணக்கிட, மேலும் கீழும் வெற்றிடம் விட்டுப் பெட்டி கட்டுகிறோம். பெட்டியின் உயரம் 20 ஆங்ஸ்ட்ராம் (2 நானோமீட்டர்) என்றால் பொருள் இருப்பது சுமார் 6.5 ஆங்ஸ்ட்ராமில்தான். மென்பொருளுக்கு அது தெரியாது. முழுப் பெட்டியின் கன அளவால் வகுத்துத் தகைவை (பரப்பளவுக்கு இவ்வளவு விசை என்பதை) கொடுத்துவிடும். அவளிடம் இப்படித்தான் கேட்டேன்: "ஒரு மா மட்டும் நட்டுட்டு, கண்ட நெல்லை மூணு மாவுக்கும் வகுத்து, எங்க வயல் விளையலேன்னு உங்க அப்பா சொல்வாரா?" உடனே புரிந்துகொண்டாள்.

வழி எளிது. கிடைத்த தகைவையோ குணகத்தையோ பெட்டி உயரத்தால் பெருக்குங்கள். 65 கிகாபாஸ்கலை 2 நானோமீட்டரால் பெருக்கினால் 130 நியூட்டன்/மீட்டர். அந்த அலகிலேயே எழுதுங்கள். கலக்காத மாலிப்டினம் டைசல்பைடுக்கு 2011-இல் சோதனையில் அளந்த மதிப்பு 180, முன்பின் 60. அதோடு இது ஒத்துப்போகிறது. கிகாபாஸ்கல்தான் வேண்டுமென்றால் 0.65 நானோமீட்டரால் வகுத்து, எந்தத் தடிமனை எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கார்பனின் ஒற்றை அடுக்கான கிராஃபீனோடு ஒப்பிட்டால் இது ஏன் முக்கியம் என்று தெரியும்: 340 நியூட்டன்/மீட்டருக்கு எதிரே 180, பாதிக்கு மேல். கிகாபாஸ்கலில் 1000-க்கு எதிரே 270, கால்வாசிதான். தடிமனுக்கு நாம் எடுக்கும் எண் அவ்வளவு மாற்றுகிறது.

கலவையில் இந்தத் தவறு இன்னும் மோசம். நான் இரண்டு முனைகளுக்கும், அதாவது டங்ஸ்டனே இல்லாததற்கும் முழுக்க டங்ஸ்டனுக்கும், 24 ஆங்ஸ்ட்ராம் பெட்டி வைத்தேன். நடுவிலிருந்த கலவைகளுக்கு அணுக்கள் அதிகம் என்பதால், நேரம் மிச்சமாகட்டும் என்று 18 வைத்தேன். வரைபடத்தில் நடுவில் அழகான மேடு! கலந்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று நம்பினேன். அதற்கு விளக்கமும் எழுதி, ஒரு கருத்தரங்கில் பேசியும்விட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பெட்டி உயரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். 24-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள். என் மேடு முழுக்க அதுதான். சரியாகக் கணக்கிட்டபோது கிட்டத்தட்ட நேர்கோடு. நான்கு மாத உழைப்பு போயிற்று. இப்போதும் அலகு சொல்லாத மேடு ஒன்றைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பூஜ்ஜியத் திரிபை இரவல் வாங்குவது

மாலிப்டினமும் டங்ஸ்டனும் அளவில் ஏறக்குறைய ஒன்று. சல்ஃபரும் செலீனியமும் அப்படியல்ல. மாலிப்டினம் டைசல்பைடின் லேட்டிஸ் மாறிலி (அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடைவெளி) 3.16 ஆங்ஸ்ட்ராம், டைசெலினைடுக்கு 3.29. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்ததை, அதன் சொந்த இழுக்காத அளவில் (பூஜ்ஜியத் திரிபில்) தொடங்காமல் 3.16-இலேயே தொடங்கினால், இழுக்கும் முன்பே 2% அமுக்கிவிட்டீர்கள். டைசல்பைடை இரு திசையிலும் 1% இழுத்தாலே ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) சுமார் 0.1 எலக்ட்ரான்வோல்ட் குறைகிறது. 2% சின்ன எண் அல்ல.

குறுக்குத் திசையைப் பூட்டிவைப்பது

ஒருபக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்க விடுங்கள்.

அணுக்களை அசையவிடாதது

இழுக்கும் ஒவ்வொரு படியிலும் அணுக்களைத் தமக்கு ஏற்ற இடத்துக்கு நகர்ந்து தளரவிடுங்கள்.

ஒரே அமைப்பை நம்புவது

சிறிய அலகுக்கூட்டை நான்குக்கு நான்காக அடுக்கிய 4×4 சூப்பர்செல்லில் 16 உலோக இடங்கள். எட்டில் டங்ஸ்டன் வைக்க 12,870 வழிகள். சமச்சீரால் பல ஒன்றாகிவிடும். அப்புறமும் நிறைய மிஞ்சும். அந்தப் பிள்ளைகள் நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாக வைத்திருந்தார்கள். வரிசையோடு இழுத்தால் ஒரு விடை, குறுக்கே இழுத்தால் வேறு விடை வரலாம். சீரின்றிக் கலந்த படலத்துக்கு அது பொருந்தாது. சீரற்ற கலவையை ஒத்திருக்கும்படி அணுக்களை வைக்கும் எஸ்.க்யூ.எஸ். முறையில் அமைப்பை எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை எல்லாப் பெட்டிக்கும் 20 ஆங்ஸ்ட்ராம்.